பெட்டியை மாற்றும் முன் வயரைப் பாருங்கள்: சென்னை வீட்டு டிவி இணைப்பை டிஜிட்டலுக்கோ எச்டிக்கோ மாற்றலாமா?

சென்னையில் இந்தக் கேள்வி மூன்று விதமான வீடுகளில் எழுகிறது. ஒன்று, செட்-டாப் பெட்டியே இல்லாமல் கேபிள் வயரை நேரே டிவியின் ஆன்டெனா துளையில் சொருகிப் பார்க்கும் வீடு. இரண்டு, கேபிள்காரர் எப்போதோ கொடுத்த சாதா எஸ்டி பெட்டியை (எச்டி அளவுக்குத் தெளிவான படம் தராதது) மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயரில் மாட்டி, புதிதாக வாங்கிய 43 அங்குல எல்இடியில் பார்க்கும் வீடு. மூன்று, கேபிள் அடிக்கடி மக்கர் செய்வதால் டிஷ் வைக்கலாமா, இன்டர்நெட் இணைப்போடு வரும் டிவிக்குப் போகலாமா என்று யோசிக்கும் வீடு.

முதல் வகை வீட்டுக்கு யோசிக்க ஒன்றுமில்லை. கட்டணச் சேனல்களைப் பெட்டி வழியாகத்தான் பார்க்க வேண்டும் என்ற முறை சென்னைக்கு 2003 செப்டம்பரிலேயே வந்துவிட்டது. 2011 கேபிள் டிவி சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, நான்கு பெருநகரங்களும் முழுக்க டிஜிட்டலுக்கு மாற 2012 அக்டோபர் 31 கெடுவாக வைக்கப்பட்டது. வழக்குகளாலும், அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் 2017-இல்தான் கிடைத்ததாலும், இங்கே பெட்டியில்லாமல் ஓடும் பழைய அனலாக் முறை கெடுவைத் தாண்டியும் ஓடியது. இன்னும் ஏதாவது தெருவில் நேரடி வயரில் நாலு சேனல் தெரிந்தால், அது எந்த நாளும் நின்றுபோகலாம். பெட்டி கேளுங்கள், டிவி பழைய குண்டு டிவியாக இல்லாவிட்டால் கேட்கும்போதே எச்டி பெட்டியாகக் கேளுங்கள்.

மற்ற இரண்டு வகைக்கும் பதில் அவ்வளவு சுலபமில்லை. படம் கட்டம் கட்டமாக உடைகிறது, நின்று நின்று ஓடுகிறது என்றால் எல்லோரும் முதலில் குறை சொல்வது பெட்டியைத்தான். புதுப் பெட்டி வாங்கி மாட்டிய பிறகும் அதே தொல்லை தொடரும்போதுதான் வயர்மீது கண் போகிறது. இந்த வரிசையைத் திருப்பிப் போட்டால் பல வீடுகளில் செலவே இருக்காது.

முதலில் வயர்

அனலாக்கில் சிக்னல் குறையக் குறைய படத்தில் புள்ளிகள் கூடும், ஆனாலும் ஏதோ தெரியும். டிஜிட்டலில் அப்படி இல்லை. ஓர் அளவு வரை படம் பளிச்சென்று இருக்கும், அதற்குக் கீழே கொஞ்சம் இறங்கினாலும் கட்டங்கள் விழும், ஒலி விட்டு விட்டு வரும், பிறகு 'நோ சிக்னல்'. பழைய வயரில் அனலாக் ஓரளவு ஓடிக்கொண்டிருந்த வீட்டில் டிஜிட்டல் தடுமாறுவதற்குக் காரணம் இதுதான்.

பத்து நிமிடத்தில் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. வயர் வீட்டுக்குள் நுழைந்ததும் எங்கேயோ ஒரு சிறிய உலோகத் துண்டு இருக்கும், ஒரு வயர் உள்ளே போய் இரண்டாகவோ நான்காகவோ பிரியும். அதுதான் ஸ்பிளிட்டர். பெட்டியையும் டிவியையும் மின்சாரத்திலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பிளிட்டரில் வந்து சேரும் வயரையும் உங்கள் ஹாலுக்குப் போகும் வயரையும் கழற்றுங்கள். இரண்டையும் ஒரு ஜாயின்டர் போட்டு நேரே இணைத்து, பிறகு டிவியைப் போட்டுப் பாருங்கள். படம் சரியாகிவிட்டால் பெட்டியில் குற்றமில்லை. இரண்டு வழி ஸ்பிளிட்டர் ஏறக்குறைய 4 டெசிபெல் சிக்னலைத் தின்னும், நான்கு வழி ஸ்பிளிட்டர் 7-க்கு மேல். 3 டெசிபெல் குறைந்தாலே சிக்னலின் வலு பாதியாகிவிடும். இரண்டு டிவி மட்டும் உள்ள வீட்டில் நான்கு வழி ஸ்பிளிட்டர் தொங்கிக்கொண்டிருந்தால் அதை இரண்டு வழியாக மாற்றுங்கள், வேறெதுவும் தேவைப்படாமல் போகலாம். பயன்படுத்தாத துளையைத் திறந்து விடாமல் 75 ஓம் டெர்மினேட்டர் மூடி போடுவது நல்லது.

ஸ்பிளிட்டரைத் தாண்டியும் கோளாறு இருந்தால் வயர் முனையில் இருக்கும் கனெக்டரைக் கழற்றிக் கண்ணுக்கு அருகே வைத்துப் பாருங்கள். நடுவில் இருக்கும் செம்புக் கம்பி பளபளவென்று, கனெக்டரின் விளிம்பைத் தாண்டி 2 அல்லது 3 மில்லிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதற்குக் குறைவாக இருந்தால் பெட்டிக்குள் சரியாகத் தொடாது. கம்பி கறுத்திருந்தாலோ, பச்சை பூத்திருந்தாலோ, சுற்றிலும் வெள்ளைப் பொடி இருந்தாலோ தண்ணீர் புகுந்திருக்கிறது. வெளிப்பக்க வலைக் கம்பிகளில் ஒரு மயிரிழை நடுக் கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் போதும், சிக்னல் ஷார்ட் ஆகும். பெசன்ட் நகர், திருவான்மியூர், ராயபுரம், திருவொற்றியூர் என்று கடலோரமாக இருப்பவர்கள் இதை வருடத்துக்கு ஒருமுறை பார்த்தே ஆக வேண்டும். உப்புக்காற்றில் திருகி மாட்டும் மலிவான கனெக்டர் சீக்கிரமே அரித்துவிடும். கருவி வைத்து அழுத்தி மாட்டும் கம்ப்ரஷன் கனெக்டர் நெடுநாள் தாங்கும். ரிச்சி தெருவில் இரண்டுமே கிடைக்கும்.

துருப்பிடித்த முனையைச் சுரண்டிவிட்டுத் திரும்ப மாட்டாதீர்கள். வயரை அரை அடி வெட்டிப் புது கனெக்டர் போடச் சொல்லுங்கள். வெட்டிய இடத்திலும் வலைக் கம்பி கறுத்திருந்தால் தண்ணீர் வயருக்குள்ளேயே ஓடியிருக்கிறது, அந்த வயரே போய்விட்டது.

வயரின் மேலுறையில் என்ன அச்சிட்டிருக்கிறது என்றும் பாருங்கள். ஆர்ஜி-6 என்றிருக்க வேண்டும். பழைய அடுக்குமாடிகளில் சுவருக்குள் குழாய் விட்டு இழுத்திருப்பது பெரும்பாலும் மெல்லிய ஆர்ஜி-59. அதில் இழப்பு அதிகம், மேல் அலைவரிசைகளில் இன்னும் அதிகம். சில சேனல்கள் மட்டும் உடைந்து மற்றவை நன்றாக வருவதற்கு இது ஒரு முக்கியமான காரணம். சுவரை உடைக்க வேண்டாம். பழைய வயரின் முனையில் புது ஆர்ஜி-6 வயரை இறுக்கிக் கட்டி, மறுமுனையிலிருந்து இழுத்தால் குழாய் வழியாகவே வந்துவிடும், குழாயில் கூர்மையான வளைவு இல்லாவிட்டால்.

கேபிள்காரரிடம் சிக்னல் மீட்டர் இருக்கும். பெட்டிக்குப் போகும் முனையில் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 55-லிருந்து 65 டெசிபெல் மைக்ரோவோல்ட்டுக்குள் காட்டினால் கவலையில்லை. வீட்டுக்குள் நுழையும் இடத்திலேயே அதைவிட மிகக் குறைவாக இருந்தால் சரிசெய்ய வேண்டியது தெருவில், அது அவர் பொறுப்பு. உங்களைப் புதுப் பெட்டி வாங்கச் சொல்வதில் நியாயமே இல்லை. குறிப்பாக, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீடுகளில் இந்த அளவைக் காட்டாமல் பெட்டியை மாற்றவே கூடாது.

எச்டி உங்கள் கண்ணுக்குத் தெரியுமா?

வயர் சரி, படம் உடையவில்லை, ஆனால் மங்கலாக இருக்கிறது என்றால் அடுத்த கேள்விக்கு வரலாம். எஸ்டி படத்தில் 576 கோடுகள், எச்டியில் 1080. இந்த வித்தியாசம் தெரிவதும் தெரியாததும் டிவியின் அளவையும் நீங்கள் உட்காரும் தூரத்தையும் பொறுத்தது. நல்ல பார்வை உள்ளவருக்கு, 32 அங்குல டிவியில் 8 அடிக்கு அப்பால் எஸ்டியின் கோடுகள் தனியாகத் தெரியாது. 43 அங்குலத்தில் அந்தத் தூரம் சுமார் 10 அடி, 55 அங்குலத்தில் 13 அடி. டேப் எடுத்து சோபாவிலிருந்து டிவி வரை அளந்துவிடுங்கள். இந்தத் தூரத்துக்குள் உட்கார்ந்தால் எச்டியின் பலன் கிடைக்கும், வெளியே இருந்தால் பலன் குறைவு.

இதில் ஒரு திருத்தம் உண்டு. எஸ்டி சேனல்களை நிறுவனங்கள் நெருக்கி அமுக்கி அனுப்புவதால், கிரிக்கெட் போன்ற வேகமான காட்சியில் புல்தரையே கட்டம் கட்டமாகத் தெரியும். அது தூரத்திலும் கண்ணை உறுத்தும். விளையாட்டு அதிகம் பார்க்கும் வீட்டில், 32 அங்குலமாக இருந்தாலும் எச்டிக்குச் செலவழிப்பது தகும். செய்தியும் சீரியலும் மட்டும் ஓடும் 24 அங்குல டிவிக்குத் தேவையில்லை. பழைய குண்டு டிவிக்கு எச்டி பெட்டி வாங்குவதில் அர்த்தமே இல்லை, அந்த டிவியால் எச்டி படத்தைக் காட்ட முடியாது.

உங்கள் வீட்டில் ஏற்கனவே எச்டி பெட்டி இருந்து படம் மட்டும் மங்கலா? டிவிக்குப் பின்னால் பாருங்கள். மூன்று நிற வயரில் மாட்டியிருந்தால் பெட்டி எச்டியாக இருந்தாலும் வருவது எஸ்டிதான். எச்டிஎம்ஐ வயர் ஒன்று வாங்கி மாட்டுங்கள். பிறகு பெட்டியின் மெனுவில் வீடியோ அமைப்புக்குப் போய் 576 என்றிருந்தால் 1080 என்று மாற்றுங்கள். பல பெட்டிகளில் இது குறைந்த அளவிலேயே வைக்கப்பட்டிருக்கும், யாரும் தொடுவதில்லை. சேனல் எண்ணையும் கவனியுங்கள். எச்டி சேனல் வேறு எண்ணில் இருக்கும், கை பழக்கத்தில் பழைய எஸ்டி எண்ணையே அழுத்திக்கொண்டிருப்பது சகஜம்.

கணக்கு

மாதக் கட்டணத்தில் மூன்று பகுதி: சேனல்களை வீட்டுக்குக் கொண்டுவருவதற்கான நெட்வொர்க் கட்டணம், கட்டணச் சேனல்களின் விலை, இரண்டுக்கும் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. சேனல் வாரியாகப் பணம் கட்டும் இந்த முறை 2019 பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. நெட்வொர்க் கட்டணத்துக்கு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் வைத்திருந்த உச்சவரம்பு, 200 சேனல் வரை 130 ரூபாய். 2024 ஜூலையில் அந்த வரம்பு எடுக்கப்பட்டதால் இப்போது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். அதனால் "பேக் எவ்வளவு" என்று மட்டும் கேட்காமல் "நெட்வொர்க் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்துக் கையிலிருந்து எவ்வளவு போகும்" என்று கேளுங்கள்.

வழி தெரிவதற்காக ஒரு கணக்கு. நெட்வொர்க் கட்டணம் 130, சேனல்கள் 120 என்றால் 250, ஜிஎஸ்டி 45, மொத்தம் 295. எச்டிக்குப் போய்ச் சேனல் செலவு 170 ஆனால் 300, ஜிஎஸ்டி 54, மொத்தம் 354. மாதம் 59 ரூபாய், வருடத்துக்கு 708. பெட்டி 1,500 ரூபாய் என்று வைத்து மூன்று வருடத்துக்குப் பிரித்தால் வருடம் 500. ஆக எச்டிக்காக வருடம் 1,208 ரூபாய் கூடுதல். உங்களிடம் சொன்ன விலைகளை இதே இடங்களில் போட்டுப் பாருங்கள்.

ஒரே சேனலின் எஸ்டியும் எச்டியும் ஒரு பேக்கில் இருக்கக் கூடாது என்பது விதி. ஆனால் பழைய எஸ்டி பேக்கை நீக்காமல் மேலே எச்டி பேக்கைச் சேர்த்துவிட்டால் இரண்டுக்கும் பணம் போய்க்கொண்டே இருக்கும். எச்டிக்கு மாறிய வீடுகளில் பில்லில் முதலில் தேட வேண்டியது இதைத்தான். சேனல்களைத் தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமையும் உங்களுக்கு உண்டு, "பேக் மட்டும்தான் தர முடியும்" என்ற பதிலை ஏற்க வேண்டாம். இரண்டு வாரம், வீட்டில் யார் என்ன பார்க்கிறார்கள் என்று ஒரு தாளில் குறித்து வாருங்கள். அந்தத் தாளோடு உட்கார்ந்தால் பேக் தேவையா, தனிச் சேனல் போதுமா என்று தெரிந்துவிடும்.

ஒவ்வொரு டிவிக்கும் தனிப் பெட்டி வேண்டும். இரண்டாவது டிவிக்கு நெட்வொர்க் கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று முன்னமே கேளுங்கள். ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தில் வேலை செய்யாது என்பதால், வாடகை வீட்டில் இருப்பவர்கள் பெட்டியை விலைக்கு வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பது மேல். அடுத்த வீடு இருக்கும் தெருவில் வேறு கேபிள்காரராக இருந்தால் வாங்கிய பெட்டி அலமாரியில்தான் கிடக்கும்.

டிஷ் வைக்கலாமா?

டிடிஎச், அதாவது வீட்டிலேயே டிஷ் வைக்கும் இணைப்பு, எடுக்கும் முன் வானத்தைப் பாருங்கள். சென்னை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் செயற்கைக்கோள்கள் இங்கே மிக உயரத்தில் நிற்கின்றன. டாடா பிளே இருக்கும் 83 பாகை கிழக்கு, ஏறக்குறைய நேர் தெற்கில், அடிவானத்திலிருந்து 74 பாகை மேலே. டிடி ஃப்ரீ டிஷ் இருக்கும் 93.5 பாகை, தென்கிழக்கில் 68 பாகை மேலே. ஏர்டெல்லின் 108.2 பாகை கிழக்குப் பக்கமாகச் சரிந்து 54 பாகை. இதனால் எதிர்வீடு இரண்டு மாடி உயரம் என்றாலும் பெரும்பாலும் மறைக்காது. மறைப்பது உங்கள் தலைக்கு மேலே இருக்கும் பால்கனிதான். மேல் தளத்தின் அடிப்பகுதி டிஷ்ஷுக்கு மேலே 7 அடியில் இருந்தால், 74 பாகை கோணத்துக்கு டிஷ்ஷை பால்கனி விளிம்பிலிருந்து 2 அடிக்குள் வைக்க வேண்டும், பால்கனியும் தெற்கே திறந்திருக்க வேண்டும். வடக்கு, மேற்குப் பால்கனிக்காரர்களுக்கு மொட்டை மாடிதான் வழி. அசோசியேஷனிடம் அனுமதியும் மாடிச் சாவியும் வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள்.

மொட்டை மாடித் தரையில் துளை போட விடாதீர்கள். தட்டோட்டுக்குக் கீழே இருக்கும் நீர்க்காப்புத் தளம் கிழிந்தால் அடுத்த மழையில் கூரை ஒழுகும். கைப்பிடிச் சுவரின் உள்பக்கத்தில் ஆங்கர் போல்ட் போட்டு மாட்டச் சொல்லுங்கள். வயர் வீட்டுக்குள் நுழையும் முன் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டு மேலேற்ற வேண்டும், அப்போதுதான் மழைத்தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிப் போகும். டிஷ்ஷின் முன்னால் நீட்டிக்கொண்டு சிக்னலை வாங்கும் எல்என்பி-யில் சொருகும் கனெக்டர்மீது நீர் புகாத டேப்பைச் சுற்றச் சொல்லுங்கள்.

இரண்டு அறைக்கு டிஷ் வேண்டுமென்றால், கேபிளுக்குப் போட்ட பழைய ஸ்பிளிட்டர் இதற்கு உதவாது. கேபிள் ஸ்பிளிட்டர் 1,000 மெகாஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும், டிஷ் வயரில் ஓடுவது 950 முதல் 2,150 வரை. இரட்டை வாய் எல்என்பி போட்டு அறைக்கு ஒரு வயர் இழுக்க வேண்டும்.

மழை விஷயத்தில் எது மேல்? கொட்டும் மழையில் டிஷ் சிறிது நேரம் நிற்கும், மழைத்துளிகளே அந்த அலைவரிசையை உறிஞ்சிவிடும், மழை விட்டதும் தானே வரும். கேபிள் நிறுவனம் பெரிய டிஷ்ஷில் வேறு அலைவரிசையில் வாங்குவதால் மழைக்கு அவ்வளவாக அசையாது. ஆனால் 2016 டிசம்பர் 12-இல் வர்தா புயல் அடித்தபோது போல மரங்கள் சாய்ந்து மேலே போகும் வயர்கள் அறுந்தால், தெருவுக்குத் தெரு இழுத்துக் கட்டும் வரை கேபிள் வராது. டிஷ்ஷுக்கு உங்கள் வீட்டில் கரண்ட் இருந்தால் போதும், டிஷ் அசையாமல் நின்றிருந்தால். பொருத்துபவர் கிளம்பும் முன், வெயில் நேரத்தில் பெட்டியின் மெனுவில் 'குவாலிட்டி' அளவைப் பாருங்கள். 'ஸ்ட்ரெங்த்' முக்கியமில்லை, குவாலிட்டிதான் முக்கியம். இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஏறுமா என்று கேளுங்கள், அந்தக் கொஞ்சம்தான் ஐப்பசி மழையில் உங்களைக் காப்பாற்றும்.

மார்ச் நடுவிலும் செப்டம்பர் கடைசி வாக்கிலும் சில நாட்கள், செயற்கைக்கோளைப் பொறுத்துப் பகல் 10-லிருந்து 12 மணி வாக்கில் சில நிமிடம் படம் போகும். சூரியன் செயற்கைக்கோளுக்கு நேர் பின்னால் வரும் நேரம் அது. யாரையும் கூப்பிட வேண்டாம்.

மாதக் கட்டணமே வேண்டாம் என்பவர்களுக்கு டிடி ஃப்ரீ டிஷ் இருக்கிறது. டிடி தமிழ், பாடச் சேனல்கள் எல்லாம் வரும். தமிழ்க் கட்டணச் சேனல்கள் வராது, சேனல்களில் பெரும்பங்கு இந்தி. சன், விஜய், ஜீ மூன்றும் இல்லாமல் வீட்டில் ஒரு நாளும் ஓடாது என்றால் இதை முக்கிய இணைப்பாக எடுக்காதீர்கள்.

இன்டர்நெட் வழி டிவி

ஏற்கனவே ஃபைபர் இணைப்பு இருந்தால் கேட்டுப் பாருங்கள். ஓர் எச்டி சேனலுக்கு 8 முதல் 10 எம்பிபிஎஸ் வரை தங்கு தடையின்றி வர வேண்டும். ரவுட்டர் வேறு அறையில் இருந்தால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை சுவரைத் தாண்டித் திணறும், டிவிக்கு லேன் வயர் இழுப்பது நிம்மதி. ஆப் வழியாக வரும் நேரலை கேபிளைவிடப் பின்தங்கி வரும். சேப்பாக்கத்தில் விழுந்த விக்கெட்டைப் பக்கத்து வீட்டுக் கூச்சல் முதலில் சொல்லிவிடும். இன்டர்நெட் போனால் டிவியும் போகும் என்பதால், ரிமோட்டில் ஒரு பொத்தான் அழுத்தினால் சேனல் வர வேண்டும் என்று நினைக்கும் பெரியவர்கள் இருக்கும் வீட்டில் கேபிளை நிறுத்திவிட்டு இதை மட்டும் நம்புவது சரியல்ல.

மாற்றும் நாளில்

ஆள் வந்து பொருத்தும்போது எல்லா டிவியிலும் படத்தையும் ஒலியையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். படம் வந்து ஒலி வராவிட்டால் பெட்டியின் ஆடியோ அமைப்பில் டால்பி என்றிருப்பதை பிசிஎம் ஆக மாற்றினால் பெரும்பாலும் சரியாகும். முகங்கள் அகலமாகத் தெரிந்தால் டிவியின் பட அளவு 4:3, 16:9 குழப்பம். பழைய டிவிக்குச் சில புதுப் பெட்டிகளில் ஒரே சிறு துளையிலிருந்து மூன்று நிற வயர் பிரியும். அந்த வயர் பெட்டிக்குப் பெட்டி மாறும். தவறான வயரைப் போட்டால் ஒலியில் இரைச்சல் வரும், அல்லது படமே வராது. ஆன்டெனா துளை மட்டும் உள்ள மிகப் பழைய டிவிக்கு, பெட்டியின் படத்தை அந்தத் துளைக்கு ஏற்றபடி மாற்றும் ஆர்எஃப் மாடுலேட்டர் தேவை.

பழைய இணைப்பை அன்றே துண்டிக்காதீர்கள். ஒரு மாதம் இரண்டையும் வைத்திருங்கள், அதற்குள் ஒரு கனமழை வந்துவிட்டால் நல்லது. பிறகு பழைய பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டரையும் ரிமோட்டையும் சேர்த்துக் கொடுத்து, பெட்டியின் அடியில் உள்ள எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு, அந்த எண்ணோடும் தேதியோடும் கையெழுத்துப் போட்ட ரசீது வாங்குங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் அப்போதே கேளுங்கள்.